பதினேழாம் பக்கத்தில் தொடங்கும் நாவல்

சென்ற மாதம் ஒரு பத்திரிகையில் என் மனைவியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவர். நான்கு பக்கம். அதில் கற்பு என்ற சொல் பத்தொன்பது இடங்களில் வருகிறது. என் மனைவி எழுதி அச்சான ஒரே நாவலில் அந்தச் சொல் ஓரிடத்தில்கூட இல்லை. நான் ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். எண்ணாமல் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அவள் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இருந்திருந்தால் கட்டுரையை வாசித்துவிட்டு, "நாலு பக்கம் எழுதுன நேரத்துல நாப்பது பக்கம் வாசிச்சிருக்கலாமே இந்த மனுசன்" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பாள். அவளுக்குக் கோபம் வராது. கோபப்படுகிற வேலையை ஆரம்பத்திலிருந்தே நான்தான் பார்த்துவருகிறேன்.

அந்த நாவலைப் பற்றி இதுவரை அச்சில் எழுதியவர்கள் பதினொரு பேர். வாயால் தீர்ப்புச் சொன்னவர்களை எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். இத்தனை பேரிலும் நாவலைக் கடைசி வரி வரை வாசித்த ஆண்பிள்ளை என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர். அவர் அதை அடியோடு வெறுத்தார். மற்றவர்களைவிட அவரிடம் எனக்கு மரியாதை அதிகம்.

முப்பதுகளின் தொடக்கம் அது. நாகர்கோவிலில் கோட்டாற்றுச் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு சிறிய ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். நான் ஆண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவள் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தவள். படித்த பள்ளிக்கூடத்திலேயே சிறு பெண்களுக்குத் தையலும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தாள். லேஸ் பின்னல் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்களுக்குத் துரைசானிகள் கற்றுக்கொடுத்த வேலை. மடியில் உருண்டையாக ஒரு திண்டு இருக்கும். அதில் குத்திய ஊசிகளைச் சுற்றி, நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். கட்டைகள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம் எங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றுவிட்டால் அவள் எழுதுகிறாள் என்று அர்த்தம். நான் திருத்தி முடித்த பரீட்சைத் தாள்களின் வெறும்புறத்தில்தான் நாவல் முழுவதையும் எழுதினாள். ஒருபக்கம் பையன்கள் செய்த தப்புக் கணக்கு, மறுபக்கம் அவள் கதை.

கதை இதுதான். கிராமத்துப் பெண் ஒருத்தி. அவள் புருஷன் அடிக்கிறவன் அல்ல, குடிக்கிறவன் அல்ல, வேறு பெண்ணிடம் போகிறவனும் அல்ல. கல்யாணமாகிப் பதினான்கு ஆண்டுகளில் அவளிடம் அவன் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அது ஒருநாள் அவளுக்கு உறைக்கிறது. சோற்றை வடித்து மூடிவைத்துவிட்டு அக்காள் வீட்டுக்குப் போய்விடுகிறாள். லேஸ் பின்னிப் பிழைக்கிறாள். அவன் அவளைக் கூப்பிட மூன்று முறை வருகிறான். மூன்றாம் முறை உச்சிவெயிலில் வந்தவனை உட்காரவைத்துச் சோறு போடுகிறாள். அவன் சாப்பிட்டுக் கைகழுவிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறான். அவள் திண்டை எடுத்து மடியில் வைத்து, விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்குகிறாள். அத்தோடு முடிந்தது.

இந்த நாவலில் என் பங்கு, தாள்களுக்குப் பக்க எண் போட்டது மட்டுமே. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புத்தகம் வந்தபின் என்னை வழியில் நிறுத்தி, "சம்சாரம் பேருல நல்லா எழுதுதீரு வே" என்று பாராட்டியவர்கள் ஒன்பது பேர். ஒருநாள் லீவு கேட்டு எழுதினாலே தலைமை ஆசிரியர் இரண்டு இடத்தில் திருத்தித் தருகிற ஆள் நான். அது அந்த ஒன்பது பேருக்கும் தெரியும். தெரிந்தும், கணக்கு வாத்தியார் கதை எழுதுவான் என்று நம்ப முடிந்த அவர்களால், லேஸ் டீச்சர் எழுதுவாள் என்று நம்ப முடியவில்லை.

கோட்டாற்றில் ஓர் அச்சுக்கூடம் இருந்தது. முதலாளி கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடித்து முன்னுக்கு வந்தவர். கையெழுத்துக் கட்டைக் கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, "அடிக்கலாம். சாற்றுகவி எத்தன இருக்கு?" என்று கேட்டார்.

இன்றைக்கு உள்ளவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எந்தப் புத்தகத்துக்கும் முன்னால் புலவர்கள் நூலையும் ஆசிரியரையும் புகழ்ந்து பாடிக் கொடுத்த செய்யுள்கள் இருக்கும். அவைதாம் சாற்றுகவி. மாட்டு வைத்தியப் புத்தகத்துக்குக்கூட உண்டு. நான் பார்த்த ஒரு சமையல் புத்தகத்தில் சாம்பார் வருவதற்கு முன்னால் ஏழு புலவர்கள் வந்தார்கள்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

"ஆம்பிள எழுதுனாலே ரெண்டு வேணும். பொம்பள எழுதுனதுக்கு அஞ்சாவது இல்லாம வெளியில விட முடியாது வாத்தியாரே. ஊருல கேப்பாவ."

பெண்பிள்ளை ஐந்து பண்டிதர் வீடுகளுக்கு நடக்க முடியாது என்பதால் நான் நடந்தேன். கையெழுத்துத் தாள்களை வாழைநாரால் கட்டினேன். பரீட்சைத் தாள் கட்டுவதற்கென்று எனக்கு ஒரு முடிச்சு உண்டு. இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகுவேன். அவிழ்த்தால் மறுபடி அதேபோல் கட்ட வேறொருவருக்கு வராது.

முதலில் எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதர். ஆள் நெட்டை, சரிகை அங்கவஸ்திரம். மாவட்டத்தில் அச்சாகும் புத்தகங்களில் பாதிக்கு மேல் அவர் பாட்டு இருக்கும்.

"என்ன வே எழுதியிருக்கா உம்ம வீட்டுக்காரி?"

"நாவல். ஒரு பொம்பளையப் பத்தின கத."

"பொம்பளையா? அப்பம் கற்புதானே விசயம்."

"வாசிச்சுப் பாருங்க."

"வாசிக்காம பாடுவனா? வச்சுட்டுப் போரும்."

மறு வாரம் ஏழு விருத்தம் கொடுத்தார். தாள்களையும் திருப்பிக் கொடுத்தார். முடிச்சு நான் போட்டபடியே இருந்தது.

இரண்டாமவர் ஆரல்வாய்மொழியில் இருந்தார். நான் போனது ஆடி மாதம். கணவாய்க் காற்று அவர் வீட்டுக் கூரை ஓடுகளையே ஆட்டிக்கொண்டிருந்தது. நான் முடிச்சில் கைவைத்ததும் பதறிப்போய், "பிரிக்காதீரும் வே! தாளு பூரா கணவாய்க்கு அந்தப் பக்கம் போயிரும். நாயகி நல்லவளா கெட்டவளா, அத மட்டும் சொல்லும்" என்றார்.

"நல்லவதான்."

"பெறவென்ன?"

அங்கேயே உட்கார்ந்து ஆறு விருத்தம் எழுதித் தந்தார்.

மூன்றாமவர் மார்த்தாண்டத்தில். அவர் பேச்சில் பாதி மலையாளம், 'போதும்' என்பதற்கு 'மதி' என்பார். "கதச் சாரம் ஒரு வாக்குல பறையும், மதி" என்றார். நான் சொல்லத் தொடங்கி, நாயகி சோறு போடுகிற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அந்நம் கொடுத்தாளா? மதி, மதி. உத்தமி." அந்த ஒரு கவளத்துக்கு எட்டு விருத்தம். நான்காமவரும் ஐந்தாமவரும் உபதேசியார்கள். ஜெபக் கூட்டங்களுக்குப் பாட்டுக் கட்டுகிறவர்கள். அவர்களும் முடிச்சைத் தொடவில்லை. ஐந்து பேரும் சேர்ந்து மொத்தம் முப்பத்தொரு விருத்தம். உவமைக்கு வேதத்திலிருந்து இரண்டு உத்தமிகளும் புராணத்திலிருந்து ஐந்து உத்தமிகளும் வந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து முடிச்சை அவளிடம் காட்டினேன். "ஒருத்தனும் வாசிக்கல, பாத்தியா? இருக்குற ஒரு நாயகியப் பாக்காம அஞ்சு பேரும் ஏழு நாயகியப் பாடியிருக்கானுவ" என்று கத்தினேன்.

அவள் கட்டைகளை மாற்றிப் போட்டுக்கொண்டே, "வாசிக்காததுனாலதான் தந்திருக்காவ. விடுங்க. புஸ்தகம் வெளிய வரட்டும்" என்றாள்.

புத்தகம் வந்தது. பதினான்கு பாரம். பாரம் என்பது பெரிய தாளில் பதினாறு பக்கம் அடித்து மடிப்பது. முதல் பாரம் முழுவதும் கதை கிடையாது. முகப்பு, முதலாளியின் முன்னுரை, சாற்றுகவி பதினொரு பக்கம், பிழைதிருத்தம். பதினேழாம் பக்கத்தில்தான் கதை தொடங்கும். ஐந்நூறு பிரதி அடித்து, நூறை மட்டும் தைத்து அட்டை போட்டார்கள். விற்க விற்க மற்றதைத் தைப்பது அங்கே வழக்கம். நானூறு பிரதி பாரம் பாரமாக அச்சுக்கூடத்தில் அடுக்கிக் கிடந்தது.

மதிப்புரைகள் வந்தன. ஒரு மாத இதழ் நான்கு வரி எழுதியது: தாள் நன்று, அச்சு தெளிவு, சாற்றுகவிகள் செவ்வியன, பெண்கள் கையில் கொடுக்கத்தக்கது. இன்னொன்று பிழைதிருத்தத்தில் விட்டுப்போன பிழைகள் மூன்றைக் காட்டி, பெண்கள் எழுத வந்தால் இப்படித்தான் என்றது. அந்த மூன்றும் சாற்றுகவியில் இருந்த பிழைகள். ஊருக்குள் வேறு ஆராய்ச்சி நடந்தது. கதையில் உள்ளது எந்த வீடு? குழம்பில் வறுத்த தேங்காய் போடுகிறாள் என்பதை வைத்து வடசேரியில் ஒரு வீட்டையும், தொழுவம் தெற்கே பார்த்திருக்கிறது என்பதை வைத்து ஒழுகினசேரியில் ஒரு வீட்டையும் கண்டுபிடித்தார்கள். இதைத்தான் எங்கள் ஊரில் இலக்கிய ரசனை என்பார்கள்.

இந்த நேரத்தில்தான் நான் சொன்ன அந்த ஒருவர் வந்தார். வக்கீல் குமாஸ்தா. பத்திரம் வாசித்துப் பழகியவர். முதல் எழுத்திலிருந்து சாட்சிக் கையொப்பம் வரை விடாமல் வாசித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். நாவலையும் அப்படியே வாசித்துவிட்டார்.

வடசேரி வாசகசாலையில் சனிக்கிழமை சாயங்காலம் பத்திருபது பேர் கூடுவார்கள். அன்று எங்கள் பண்டிதர் நடுநாயகமாக இருந்தார். நானும் இருந்தேன். குமாஸ்தா புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஓய் பண்டிதரே, ஒமக்க அஞ்சாம் விருத்தத்துல 'கொழுநன் அடி சேர்ந்து வாழ்ந்தாள்'ன்னு பாடியிருக்கீரு. எந்தப் பக்கத்துல சேந்தா?"

"கடைசியில பாரும் வே."

"பாத்தாச்சு. சோறு போட்டா. தின்னான். போனான்."

"தனியாப் போனான்னு எழுதியிருக்கா?"

"அவ கூடப் போனான்னும் எழுதல்லியே."

"சோறு போட்டவ பெறவு கூடப் போவாம என்ன செய்வா? அது எழுதாமலே விளங்கும்."

"எழுதாமலா? அடுத்த வரியில லேசு பின்னுதா, ஓய்! புருசன் வீட்டுக்கு நடந்துகிட்டே பின்னுதாளா?"

ஒரு மூலையில் சிரிப்பு எழும்பியது. யாரோ, "திண்டையும் இடுப்புல வச்சுட்டுப் போறாளோ என்னவோ" என்றார்கள். அதற்கு மேல் சிரிப்பு. குமாஸ்தா சிரிக்கவில்லை. முகம் சிவந்து நின்றார்.

"விட்டுட்டு வந்தவ விட்டுட்டு வந்தவதான். திரும்பவே இல்ல. அதுக்குக் காரணமும் இல்ல. அவன் ஒரு அடியாவது அடிச்சிருந்தா மனசிலாவும். ஒண்ணுமே செய்யாத மனுசன விட்டுட்டு ஒருத்தி போலாம்னா, நாம எல்லாரும் வீட்டுக்குப் போயி எண்ணிப் பாக்கணும் ஓய், ஆளு இருக்காளான்னு. இதுக்கு அஞ்சு பண்டிதனுவ பல்லாண்டு பாடியிருக்கியள்!"

ஐம்பது ஆண்டுகளாகப் பதினொரு பேர் எழுதியதில் இந்த அளவுக்கு நாவலைப் புரிந்துகொண்ட மதிப்புரை ஒன்றுகூட இல்லை. மனிதர் புரிந்துகொண்டார், அதனால் வெறுத்தார். மற்றவர்கள் புரியாமல் பாராட்டினார்கள்.

பண்டிதர்களுக்குத் தர்மசங்கடம். திட்டினால், வாசிக்காமல் பாடியது அம்பலமாகும். பேசாமல் இருந்தால் குமாஸ்தா விடமாட்டார். ஐந்து பேரும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாற்றுகவி பொய்யாகக் கூடாது என்றால் கதை மெய்யாக வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை ஐந்து பேரும் அச்சுக்கூட முதலாளியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்களிடம் நாற்காலி நான்கு. ஆரல்வாய்மொழிக்காரர் அரிசிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். முதலாளி நின்றார். என் மனைவி திண்டை மடியில் வைத்தபடி ஜன்னல் ஓரத்தில் இருந்தாள்.

பண்டிதர் தொடங்கினார். "அம்மா, ஒங்க நூல நாங்க கொற சொல்ல வரல்ல. முடிவுல ஒரு வாக்கியம் விட்டுப் போச்சு. எழுதுற வேகத்துல விடுபடுறது உண்டு. நானே பூர்த்தி செஞ்சு கொண்டாந்திருக்கேன்." ஒரு சீட்டை எடுத்து வாசித்தார். "'அவள் மறுமொழி கூறாது அவன் பின்னே நடந்தாள்.' ஆறே சொல்லு."

மார்த்தாண்டத்துக்காரர், "அதி சுந்தரம்" என்றார்.

"கடைசி பாரத்த மட்டும் மாத்தி அடிச்சாப் போதும். செலவு எங்க பாடு" என்றார் ஓர் உபதேசியார்.

முதலாளி ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். அந்த ஒன்றுக்காக அவரை மன்னிக்கலாம். "டீச்சரம்மா, ரெண்டாவது நாவல் எழுதிட்டிருக்கியன்னு வாத்தியார் சொன்னாரு. இந்த ஆறு சொல்ல நீங்க சேத்தியன்னா அதயும் நான் அடிக்கேன். சேக்கலன்னா இவிய பாட்டு தரமாட்டாவ. இவிய தராம இந்தப் பக்கத்துல எந்த அச்சுக்கூடத்துலயும் ஏறாது. யோசிச்சுக்கிடுங்க."

கட்டைகளின் சத்தம் நின்றிருந்தது. இரண்டாம் நாவலில் அவள் பாதியைத் தாண்டியிருந்தாள். முதலாவதைவிட அது நன்றாக வருகிறது என்று அவளே ஒருமுறை சொல்லியிருந்தாள். தன் எழுத்தைப் பற்றி அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அவள் முதலாளியைக் கேட்டாள். "எத்தன தச்சிருக்கு?"

"நூறு. நானூறு பாரமாக் கெடக்கு."

"கடைசி பாரம் தனியாக் கெடக்குல்லா?"

"ஆமா. அதுனாலதான சொல்லுதோம். அது ஒண்ண மாத்துனா..."

"மொத பாரமும் தனியாத்தான் கெடக்கும்?"

"அதுவும் தனியாத்தான்."

"பாட்டு ஒண்ணு சொல்லுது, கத ஒண்ணு சொல்லுது. ரெண்டுல ஒண்ண மாத்தணும்னு ஐயாமாரு சொல்லுதாவ. சரிதான். மொத பாரத்த எடுத்திருங்க."

முதலில் புரிந்தது முதலாளிக்கு, தொழில் அவருடையது. "அதுல மொகப்பும் போயிருமே அம்மா. பேரும் போயிரும்."

"அட்டையில இருக்குல்லா."

"பதினேழாம் பக்கத்துல தொடங்கும். ஒடஞ்ச புஸ்தகம் மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்."

பண்டிதர் எழுந்துவிட்டார். "சாற்றுகவி இல்லாத நூலு தாலி இல்லாத பொம்பள மாதிரி அம்மா. ஊரு மதிக்காது."

"கதையில உள்ளவளும் ஊரு மதிப்பப் பாக்காமத்தான ஐயா போறா" என்றாள் என் மனைவி. பிறகு, "சாயா குடிச்சுட்டுப் போங்க" என்று எழுந்து அடுக்களைக்குள் போனாள்.

மூன்று பேர் குடித்தார்கள். நெட்டைப் பண்டிதரும் ஓர் உபதேசியாரும் குடிக்கவில்லை. முப்பத்தொரு விருத்தம் நானூறு பிரதியிலிருந்து உருவப்பட்டு, கோட்டாற்றுச் சந்தையில் பொட்டலம் மடிக்கப் போயிற்று. அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கே வந்தது. ஆரல்வாய்மொழிக்காரரின் நான்காம் விருத்தத்தில் கால் பலம் மிளகு.

பண்டிதர்கள் பிறகு அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அதுதான் அவர்கள் அதற்குச் செய்த ஒரே நன்மை. பத்திரிகைகளும் பேசவில்லை. பதினேழாம் பக்கத்தில் தொடங்குகிற புத்தகத்துக்கு யார் மதிப்புரை எழுதுவார்கள்? ஆனால் விற்றது. எப்படி விற்றது என்று முதலாளிக்கே தெரியவில்லை. மிஷன் விடுதிப் பெண்கள் இரண்டும் மூன்றுமாக வாங்கிப் போனார்கள். லேஸ் கொண்டுபோகிற கூடைக்குள் வைத்துக் கிராமங்களுக்கும் போயிற்று.

ஒருநாள் மத்தியானம் இராஜாக்கமங்கலத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். காலில் மணல். கையில் புத்தகத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். பள்ளிக்கூட விடுமுறை, நான்தான் கதவைத் திறந்தேன்.

"டீச்சர் வீடு இதுதானா? கடைசிப் பக்கத்த வீட்டுல அவிய கிழிச்சுப் போட்டுட்டாவ. ஒங்கக்கிட்ட வேற புஸ்தகம் இருக்குமா? வாங்க வரல்ல. பாத்துட்டுப் போறேன்."

என் மனைவி உள்ளே இருந்து ஒரு பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்துக் கொடுத்தாள். அந்தப் பெண் உட்காரவில்லை. நின்றபடியே, எழுத்துக் கூட்டி, உதடு அசைய வாசித்தாள். ஒரு பக்கம்தான். முடித்ததும் புத்தகத்தை மூடவில்லை.

"சாப்பிட்டுட்டுப் போயிட்டானா?"

"போயிட்டான்" என்றாள் என் மனைவி.

"இவ பெறவு பின்ன உக்காந்துட்டா."

"ஆமா."

"சரி" என்றாள் அந்தப் பெண். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். போய்விட்டாள். அவள் என்ன செய்தாள், எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு நாக்கு வந்தது, அதற்குள் படியிறங்கியிருந்தாள். கடைசிப் பக்கம் கிழிக்கப்பட்டு அதை வாசிக்க எங்கள் வீடு தேடி வந்தவர்கள் அவளோடு சேர்த்து நான்கு பேர். நான் பதினொரு மதிப்புரையையும் ஒரு தட்டிலும் அந்த நான்கு பேரை மறுதட்டிலும் வைத்துப் பார்த்ததுண்டு. எந்தத் தட்டு தாழ்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் நாவலை அவள் எழுதி முடித்தாள். முதலாளி சொன்னபடிதான் ஆயிற்று. நாகர்கோவிலில் மூன்று அச்சுக்கூடமும் தக்கலையில் ஒன்றும், "பாட்டு வாங்கிட்டு வாரும்" என்று என்னைத் திருப்பி அனுப்பின. மூன்றாம் நாவலை அவள் தொடங்கவில்லை. கட்டைகளின் சத்தம் எங்கள் வீட்டில் பிறகு நிற்காமல் கேட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை என்று அவளிடம் ஒருமுறை சொன்னேன். "அந்த ஆறு சொல்ல எழுதியிருந்தா அதுக்கு மேல நான் எழுதுறது எதுக்கு?" என்றாள்.

இனி அந்தக் கட்டுரைக்கு வருகிறேன். பத்திரிகைக்கு மறுப்பு எழுதினேன். போடவில்லை. ஆனால் கட்டுரை எழுதியவர் என் விலாசத்தை வாங்கிக்கொண்டு சென்ற வாரம் நேரில் வந்தார். சின்ன வயது. மரியாதை உண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்.

"சார், நான் நூலகத்துப் பிரதியத்தான் பார்த்தேன். விருத்தங்கள்ல ரொம்பத் தெளிவா இருக்கே. அஞ்சு புலவர்கள், அஞ்சு பேரும் கற்பு நெறியத்தான் சொல்றாங்க. சமகாலத்துச் சான்று இல்லையா அது?"

தைத்த அந்த நூறில் ஒன்று. ஐம்பது ஆண்டாக நூலகத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பாடிக் காட்டிக்கொண்டிருக்கிறது. பதினோராவது ஆளும் முதல் பாரத்தைத் தாண்டவில்லை.

"கதைய வாசிச்சீரா?" என்றேன்.

"பார்த்தேன் சார். பகுதி பகுதியா."

எழுந்து போய் அலமாரியிலிருந்து எங்கள் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் ஆசையோடு வாங்கித் திறந்தார். முன்னும் பின்னும் புரட்டினார். முகம் வாடியது.

"சார், இதுல முதல் பதினாறு பக்கம் காணோமே. பதினேழுல ஆரம்பிக்குது. முழுசா உள்ள பிரதி உங்ககிட்ட இல்லையா?"

இன்னொன்றைக் கொடுத்தேன். அதுவும் பதினேழு. மூன்றாவது. அதுவும்.

"எல்லாமே குறைப் பிரதியா இருக்கே சார்" என்றார் உண்மையான வருத்தத்தோடு.

நான் அவருக்கு விளக்கம் சொல்லவில்லை. விளக்கம் சொன்னால் அதைக் கட்டுரையாக்கிவிடுவார். நாவல் பிறகும் வாசிக்கப்படாமலே இருக்கும். "இங்கருந்து கடைசி வரைக்கும் வாசிச்சுட்டு ஒரு மாசத்துல கொண்டு வாரும்" என்றேன். அச்சாகாத இரண்டாம் நாவலையும் அதன் அடியில் வைத்தேன். கொல்லையிலிருந்து வாழைநார் கிழித்துக் கொண்டுவந்து, இரண்டையும் சேர்த்து, இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகிக் கொடுத்தேன்.